பேலன்ஸ் பேட்ச் வந்த வாரத்தில் பூஸ்ட் வாங்காதீர்கள்

பிளிசார்டின் ஆன்லைன் விளையாட்டான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் கிளாஸ்களின் (வீரர் வகைகளின்) பலத்தைச் சரிக்கட்டும் பேலன்ஸ் பேட்ச் பட்டியல் வெளியாகும் அன்று இரவே, பூஸ்ட் விற்பவர்களிடமிருந்து, அதாவது காசுக்கு உங்கள் கேரக்டரை ஏற்றித் தருபவர்களிடமிருந்து, டிஸ்கார்டில் தனிச்செய்தி வந்துவிடும். வாசகம் பெரும்பாலும் மாறுவதில்லை: “உங்க ஸ்பெக்கை நெர்ஃப் பண்ணிட்டாங்க, இனிமே யாரும் குரூப்ல சேர்க்க மாட்டாங்க. இப்ப டாப்ல இருக்கிற கிளாஸ்ல ஒரு கேரக்டர் ரெண்டே நாள்ல ரெடி. லெவல், கியர், ரேட்டிங் எல்லாம் சேர்த்து. பாதி அட்வான்ஸ் போதும்.” (ஸ்பெக் என்பது கிளாஸின் உட்பிரிவு, நெர்ஃப் என்பது பலத்தைக் குறைப்பது, கியர் என்பது கவசம், ஆயுதம் முதலானவை.)

அந்தப் பாதியோடு ஆள் மறைந்துபோனால் இருப்பதிலேயே சின்ன நஷ்டம் அதுதான். சொன்ன வேலையைச் சொன்னபடி முடித்துக் கொடுப்பவரிடம்தான் ஆட்கள் அதிகம் இழக்கிறார்கள்.

இரண்டு நாளில் முடிக்க வேண்டுமென்றால் உங்கள் அக்கவுண்டில் அவர்களே உட்கார்ந்து ஆட வேண்டும். இதற்குப் பெயர் ‘பைலட்’. பாஸ்வேர்டு கேட்பார்கள். அதன்பின் ஆத்தென்டிகேட்டர் (லாகினை உறுதிசெய்யும் இரண்டாவது பூட்டு) கோடு கேட்பார்கள், அல்லது “லாகின் தொல்லை தருது, ரெண்டு நாளைக்கு ஆத்தென்டிகேட்டரை எடுத்துடுங்க” என்பார்கள். உள்ளே போனவர் தானாக ஆடும் பாட் ஓட்டுவது சாதாரணம். கேரக்டர் அழகாகவே திரும்பி வரும். தடை வருவது பிறகுதான். பாட்களைக் கண்ட அன்றே பிளிசார்ட் நீக்குவதில்லை, சேர்த்துவைத்து அலையலையாகத் தடை போடும். வேலை முடிந்து வாரங்கள் கழித்து அக்கவுண்ட் முடங்கும்போது, விற்றவர் “நாங்க கொடுத்தப்ப நல்லாதானே இருந்துச்சு” என்று முடித்துக்கொள்வார். கில்டின் (நிலையான ஆட்டக்காரர் குழுவின்) பொதுக் கிடங்கான கில்ட் பேங்கைத் திறக்கும் உரிமை உங்கள் கேரக்டருக்கு இருந்தால் அதுவும் காலியாகலாம். அந்தப் பழி கில்டில் உங்கள் பெயர்மேல்தான் விழும்.

பிளிசார்டிடம் முறையிடலாமே என்றால், அங்கேதான் முடிச்சு. அக்கவுண்டை அடுத்தவருக்குக் கொடுப்பது ஒப்பந்தப்படியே தவறு. பெற்றோரும் மைனர் பிள்ளையும் பகிர்வது ஒன்றுதான் விதிவிலக்கு. நடந்ததை நடந்தபடி எழுதினால் உங்கள் விதிமீறலுக்கு நீங்களே வாக்குமூலம் கொடுத்ததாக ஆகும். விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், அதனால்தான் அவ்வளவு தைரியம். “செல்ஃப் பிளே, உங்க கேரக்டரை நீங்களே ஆடலாம், சேஃப்” என்பதும் பாதி உண்மைதான். பூஸ்ட் விற்பது, ஆள் சேர்த்துக் கொடுப்பது, நடுவில் பணம் பிடித்துவைப்பது ஆகியவற்றைத் தொழிலாக நடத்தும் அமைப்புகளை, கோல்டுக்கு (விளையாட்டுக்குள் புழங்கும் காசுக்கு) விற்றாலும் சரி, 2022 ஜனவரி 31 அன்று பிளிசார்ட் தடை செய்தது. நிஜப் பணத்துக்கு விற்பது அதற்கு முன்பிருந்தே தடைதான்.

மிச்சமிருக்கும் அனுமதி ஒன்றே: விளையாட்டுக்குள்ளேயே, ஒரு தனி ஆளோ கில்டோ, கோல்டுக்குச் செய்து கொடுப்பது. அதிலும் கண்ணைத் திறந்துகொண்டு போங்கள். பேரம் முழுவதும் விளையாட்டின் சாட்டிலேயே எழுத்தாக இருக்கட்டும், டிஸ்கார்டில் பேசியதற்குப் பிடிமானம் கிடையாது. ரெய்டு (பெரிய குழுவாகச் சேர்ந்து பாஸ்களை, அதாவது பெரிய எதிரிகளை, வீழ்த்தும் ஆட்டம்) வாங்கினால் அந்த வாரத்து லாக்அவுட், அதாவது லூட் (பரிசுப் பொருள்) பெறும் வாராந்திர வாய்ப்பு, செலவாகிவிடும். ஐந்தாவது பாஸோடு குழு கலைந்துபோனால், முடித்த பாஸ்களின் லூட் உங்களுக்கு அந்த வாரம் மறுபடி கிடையாது. “லூட் எல்லாம் உங்களுக்கே” என்ற பேச்சை அப்படியே நம்பாதீர்கள். கிடைத்த பொருளை அங்கே இருந்த இன்னொருவருக்கு மாற்ற 2 மணி நேரம்தான் அவகாசம். உங்கள் ஆர்மர் வகை துணியா, தோலா, மெயிலா, பிளேட்டா, அதே வகை அணியும் எத்தனை பேர் உங்களுக்காக ரோல் (பொருளுக்கான குலுக்கல்) போடுவார்கள் என்று எண்ணிக்கையோடு கேட்டு வாங்குங்கள். மித்திக் பிளஸ் (நேரக் கெடுவோடு ஐவர் ஆடும் டன்ஜன், கடினத்தை ‘கீ’ தீர்மானிக்கும்) என்றால் ‘டைமுக்குள்’ என்ற சொல் பேரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நேரம் தாண்டி முடித்துவிட்டு முழு கோல்டையும் கேட்பார்கள்.

இனி, இவ்வளவு பட்டு வாங்கும் பொருளின் ஆயுள். பெரிய பேட்சுக்குப் பின்வரும் வாரங்களில் சிறு திருத்தங்கள் அடுத்தடுத்து வரும். பெரும்பாலும் வாராந்திர ரீசெட்டோடு, அதாவது அமெரிக்கப் பிராந்தியத்தில் செவ்வாய், ஐரோப்பாவில் புதன். முதல் வாரப் பட்டியலில் உச்சியில் நிற்கும் ஸ்பெக்தான் மூன்றாம் வாரம் வெட்டுப்படுவதற்கு முதல் வேட்பாளர். அமைப்பையே மாற்றிய கதையும் உண்டு. 2020 நவம்பரில் வந்த ஷேடோலேண்ட்ஸ் விரிவாக்கத்தில் கவனன்ட் (கேரக்டர் சேர்ந்து திறன் பெறும் அணி) மாற்றுவது வேண்டுமென்றே கடினமாக வைக்கப்பட்டது. எந்த கவனன்ட் பலமோ அதில் இரண்டாவது கேரக்டரை ஏற்றித் தருவதாக விற்பனை நடந்தது. 2021 நவம்பரின் 9.1.5 பேட்சில் அந்தத் தடையே தளர்ந்தது. பணம் கட்டி வாங்கிய சலுகை எல்லோருக்கும் இலவசமாயிற்று.

எல்லா மெட்டாவும் (அந்த நேரத்தில் பலமானதாகக் கருதப்படும் தேர்வும்) உடனே சரிந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. 2023 ஜூலையில் 10.1.5 பேட்சோடு வந்த ஆக்மென்டேஷன் எவோக்கர், பலமுறை வெட்டுப்பட்டும் உயர் கீகளில் பல மாதம் அசையாமல் நின்றது. ஆனால் அது கூட இருப்பவர்களின் டேமேஜை உயர்த்தும் ஸ்பெக். யாருடைய பர்ஸ்ட் (உச்ச டேமேஜ் நேரம்) எப்போது என்று தெரிந்து பஃபை (பலம் கூட்டும் திறனை) அந்த நொடியில் வைக்கத் தெரியாதவர் கையில் அது வெறும் பாதி ஆள். கியரைத்தான் விலைக்கு வாங்கலாம், அந்தக் கணக்கை வாங்க முடியாது.

பெரும்பாலும் கிளாஸ் மாற்ற வேண்டிய தேவையே இருப்பதில்லை. பேட்ச் குறிப்பைப் படிக்கத் தெரியாததுதான் பீதிக்குக் காரணம். “எல்லாத் திறன்களின் டேமேஜும் 4% குறைப்பு” என்றிருந்தால் உங்கள் மொத்த டேமேஜ் ஏறக்குறைய 4% குறையும் (டிரிங்கெட் எனும் துணைப்பொருள் போன்றவை இதில் சேராததால் சற்றுக் குறைவாகவே). “இன்ன திறனின் டேமேஜ் 20% குறைப்பு” என்று பெரிதாகத் தெரிவது பல நேரம் சின்ன அடி. உங்கள் லாக்கில் (சண்டைப் பதிவில்) அந்தத் திறன் மொத்தத்தில் 8% என்றால், 8-இல் 20% வெறும் 1.6. அதே திறன் 30% பங்கு வகித்தால் 6, அது உண்மையான அடி. ஆகவே முதலில் செய்ய வேண்டியது, கடைசியாக ஆடிய ரெய்டின் பதிவை வார்கிராஃப்ட் லாக்ஸ் தளத்தில் திறந்து, எந்தத் திறன் எத்தனை சதவீதம் என்று பார்த்துப் பெருக்குவது. ஐந்து நிமிட வேலை. குறிப்பில் ‘பிவிபி போரில்’ (ஆட்டக்காரரோடு ஆட்டக்காரர் மோதுவதில்) என்ற சொல் இருந்தால் டன்ஜன் ஆடுபவருக்கு அந்த வரியே சம்பந்தமில்லை. இதைக் கவனிக்காமல் கிளாஸை விட்டு ஓடியவர்கள் உண்டு!

டேமேஜ் தன்மை மாறும்போது கியர் மதிப்பும் மாறும். இதற்கு ரெய்ட்பாட்ஸ் என்ற கணக்கிடும் தளம் போதும், காசு வேண்டாம். சிமுலேஷன்கிராஃப்ட் ஆட்ஆனைப் (விளையாட்டோடு சேரும் துணை நிரல்) போட்டு, சாட்டில் அதன் ஸ்லாஷ் கட்டளையைத் தட்டினால் நீளமான எழுத்துத் தொகுப்பு வரும். அதை நகலெடுத்துத் தளத்தில் ஒட்டி ‘டாப் கியர்’ ஓட்டுங்கள். இலவசமாக ஓட்டினால் வரிசையில் காத்திருக்க வேண்டும். கவனிக்க வேண்டியவை இரண்டு. அது இயல்பாகக் கணக்கிடுவது ஒரே எதிரி, அசையாமல் 5 நிமிடம் நிற்கும் சண்டை. மித்திக் பிளஸ் ஆடுபவர் ‘டன்ஜன் ஸ்லைஸ்’ என்று மாற்றாவிட்டால் தவறான மோதிரத்தை அணிவார். இன்னொன்று, பேட்ச் வந்த முதல் சில நாள்கள் சிமுலேஷன் நிரலிலேயே புது எண்கள் முழுதாக ஏறியிருக்காது. அரை சதவீத வித்தியாசத்துக்காக கியரில் பதித்த ஜெம், என்சான்ட் எல்லாவற்றையும் பிய்த்து மாற்றுவது கோல்டுக்குப் பிடித்த கேடு. கியர் தரும் துணைநிலைகளில் ஒன்றை மட்டும் குவிப்பதும் வேண்டாம்: கிரிட் (கூடுதல் அடி விழும் வாய்ப்பு), ஹேஸ்ட் (வேகம்) போன்றவை கியரின் ரேட்டிங்கிலிருந்து 30% தாண்டியதும் அதே ரேட்டிங்குக்குக் குறைந்த பலனே தரும்.

டேலன்ட் (கேரக்டரின் திறன் தேர்வுகள்) மாற்றம் இப்போது இலவசம். 2022-இன் டிராகன்ஃப்ளைட் விரிவாக்கத்திலிருந்து, சண்டையிலும் ஓடிக்கொண்டிருக்கும் கீயிலும் இல்லாதவரை எங்கே நின்றும் மாற்றலாம். கிளாஸைத் தூக்கி எறிவதற்குமுன் அதே கிளாஸின் அடுத்த ஸ்பெக்கைப் பயிற்சி டம்மி முன் நிறுத்திப் பாருங்கள். ஆர்மரில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும், மாறுவது பெரும்பாலும் ஆயுதமும் டிரிங்கெட்டும்தான். வரப்போகும் மாற்றம் பொதுச் சோதனை சர்வரில் இருந்தால், உங்கள் கேரக்டரையே அங்கே நகலெடுத்து ஆடிப் பார்க்கலாம்.

ஸ்பெக்குகளைத் தரம் பிரிக்கும் ‘எஸ் டியர், ஏ டியர்’ பட்டியலைக் காட்டித்தான் விற்பவர்கள் பயமுறுத்துவார்கள். அந்தப் பட்டியலுக்கு அடிப்படையான லாக்குகளில் எந்தச் சதவீதத் தட்டைப் பார்க்கிறீர்கள் என்பது முக்கியம். 99-ஆம் தட்டில் (மிகச் சிறந்த ஆட்டங்களில்) முதலிடம் வகிக்கும் ஸ்பெக் 50-ஆம் தட்டில் நடுவே கிடக்கலாம், ஏனென்றால் அது கடினமான ஸ்பெக். உங்கள் ஆட்டம் நடுத் தட்டில் என்றால் உங்களுக்கு உதவுவது நடுத் தட்டின் எண்தான். ஸ்பெக்குகளுக்கிடையே உள்ள சில சதவீதத்தைவிடக் கைநழுவும் டேமேஜ் பெரிது. 6 நிமிடச் சண்டையில் 2 நிமிட கூல்டவுனை (2 நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் அழுத்தக்கூடிய திறனை) 0:00, 2:00, 4:00 என்று மூன்று முறை அழுத்தலாம். “அடுத்த கட்டத்துக்கு வச்சிருக்கேன்” என்று ஒன்றைத் தவறவிட்டால் அந்தத் திறனின் டேமேஜில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. பெரும்பாலான நெர்ஃப் அவ்வளவு வெட்டுவதில்லை.

பேட்ச் வாரத்தின் இன்னொரு வியாபாரம், “புது ரொட்டேஷனுக்கு ஏற்ற பிரைவேட் ஆட்ஆன்” (ரொட்டேஷன் என்பது திறன்களை அழுத்தும் வரிசை). ஆட்ஆன் இலவசமாகத்தான் தரப்பட வேண்டும் என்பது 2009-லிருந்து பிளிசார்டின் விதி. காசு கேட்டாலே விதிமீறல். ஆட்ஆன் என்பது லுவா, எக்ஸ்எம்எல், டிஓசி கோப்புகளும் படம், ஒலி கோப்புகளும் அடங்கிய ஃபோல்டர். உள்ளே எக்ஸ்இ கோப்போ இன்ஸ்டாலரோ இருந்தால் அது ஆட்ஆன் அல்ல, உங்கள் கணினிக்கு வைத்த வேட்டு. 2014 ஜனவரியில் ஆட்ஆன்களை நிறுவ உதவும் கர்ஸ் கிளையன்ட்டின் போலி ஒன்றில் வந்த டிரோஜன், ஆத்தென்டிகேட்டர் கோடு உட்பட லாகின் விவரத்தைத் தட்டும் நொடியிலேயே திருடியது. சாட்டில் யாராவது “இந்த ஸ்லாஷ் ரன் வரியை ஒட்டுங்க, டேமேஜ் கூடும்” என்றால் தொடாதீர்கள். 2016-ல் அப்படி ஒரே வரியை ஒட்டவைத்து, அடுத்தவர் விளையாட்டுத் திரையைத் தூரத்திலிருந்து இயக்கும் மோசடி நடந்தது. காசுக்கு ரொட்டேஷன் பாட் வாங்குபவர்களைப் பார்த்தால் கோபம் வருவதில்லை, பரிதாபம்தான். 2025 ஜூனின் 11.1.7 பேட்சிலிருந்து, அடுத்து எதை அழுத்த வேண்டும் என்று காட்டும் வசதியும், ஒரே பட்டனில் ஆடும் வசதியும் விளையாட்டிலேயே இருக்கின்றன. ஒரே பட்டன் முறையில் ஒவ்வொரு திறனுக்கும் சற்று இடைவெளி கூடும். புது கிளாஸைப் பழக அது தாராளம்.

கோல்டு வேண்டுமென்றால் 2015 ஏப்ரலில் வந்த டோக்கன் இருக்கிறது: கடையில் காசுக்கு வாங்கி ஏலக்கூடத்தில் விற்பது. பதிவு செய்யும்போது காட்டும் விலை உறுதி. வெளியாளிடம் அதைவிட மலிவாகக் கிடைக்கும் கோல்டு பல நேரம் திருட்டு அக்கவுண்டிலிருந்தோ திருட்டு அட்டையிலிருந்தோ வந்தது. பிடிபட்டால் கோல்டு பிடுங்கப்படும், அக்கவுண்டும் மாட்டும். முழு அக்கவுண்டை விலைக்கு வாங்குவது இன்னும் மோசம். முதலில் பதிவு செய்தவர் தன் அடையாள ஆவணத்தைக் காட்டி எப்போது வேண்டுமானாலும் மீட்டுக்கொள்வார், அதையே இன்னொருவருக்கு மறுபடி விற்பார்.

ஏற்கெனவே பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டவர்கள் இந்த வரிசையில் செய்யுங்கள். வேறொரு சுத்தமான சாதனத்திலிருந்து முதலில் ஈமெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பிறகு பிளிசார்ட் கணக்கான பேட்டில்நெட்டை. வரிசையைத் திருப்பிச் செய்தால் மெயிலைப் பிடித்திருப்பவர் மறுபடி மாற்றிவிடுவார். மெயிலில் ஃபில்டர், ஃபார்வர்டிங் அமைப்புகளைத் திறந்து பாருங்கள். பிளிசார்டிலிருந்து வரும் எச்சரிக்கைகளைக் குப்பைக்கு அனுப்பும் ஃபில்டர் போட்டுவைப்பது இவர்களின் வழக்கம். பழைய ஆத்தென்டிகேட்டரை நீக்கிப் புதிதாக இணையுங்கள். ஆட்ஆன் ஃபோல்டரை முழுதாக அழித்துவிட்டு அறிந்த இடத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

இந்தியாவில் யூபிஐ வழியே அனுப்பிய பணம் என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். மணிக்கணக்கு முக்கியம், பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்தினால்தான் மீட்க வழியுண்டு. வங்கிக்கும் தனியே எழுதுங்கள். டிஸ்கார்டு உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள், பெயரை மாற்றிக்கொண்டாலும் மாறாத எண் அடையாளத்தையும் நகலெடுங்கள். அதற்குள் அதே ஆள் திரும்ப வந்து, “ரீஃபண்ட் போடுறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க” என்பார். பணம் வாங்க பின் தேவையே இல்லை, பின் போட்டால் மறுபடியும் போவது உங்கள் பணம்தான்.