கட்டிலுக்கு மேலே தஞ்சாவூர் ஓவியம் மாட்டப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

புதுமணத் தம்பதியின் படுக்கையறைக்கு ஆலிலைக் கிருஷ்ணரோ வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணரோ வாங்கிக் கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். அந்தப் படம் பெரும்பாலும் தலைமாட்டுச் சுவரில்தான் ஏறும். அப்படி ஒரு தஞ்சாவூர் ஓவியத்தை வாங்கி மாட்ட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விஷயம் இப்போது நுகர்வோர் ஆணையத்தின் முன் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் மகளும் மாப்பிள்ளையும் சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனார்கள். அவர்கள் அறைக்கு 3க்கு 2 அடியில் வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணர் ஒன்று பார்த்தோம். கடைக்காரர் நன்றாகப் பேசினார். "22 கேரட் தங்க ரேக்கும்மா. கல்லெல்லாம் ஜெய்ப்பூர் கல். உள்ளே நல்ல பிளைவுட் பலகை, வெளியே செட்டிநாட்டுத் தேக்குச் சட்டம். எங்க ஆளே வந்து மாட்டிக் கொடுத்துடுவார், அதுக்குத் தனியா காசு வேண்டாம்" என்றார். ரேக்கு என்றால் ஓவியத்தில் ஒட்டும் மெல்லிய தகடு. விலை 38,000 ரூபாய். 22 கேரட் என்று அச்சடித்து, முத்திரை குத்தி, லேமினேஷன் போட்ட ஒரு சான்றிதழும் கொடுத்தார். பில்லில் மட்டும் 'சாமி படம் பெரியது – 1' என்று இருந்தது. விவரமாக எழுதித் தரும்படி கேட்டேன். "அதான் சான்றிதழே இருக்கேம்மா" என்றார்.

மாட்ட வந்த தம்பியிடம் ஒரு சுத்தியலும் நாலைந்து ஸ்டீல் ஆணியும்தான் இருந்தன. டிரில் போட வேண்டாமா என்று மகள் கேட்டாள். "இந்தச் சுவருக்கு ஆணியே போதும்க்கா, எவ்வளவு சுலபமா இறங்குது பாருங்க" என்று சொல்லி நடுவில் ஒரே ஒரு ஆணி அடித்தார். படத்தின் முதுகில் இருந்த இரண்டு வளையங்களுக்கு நடுவே ஒரு நைலான் கயிற்றைக் கட்டி அதில் தொங்கவிட்டுப் போய்விட்டார்.

சில வாரங்கள் கழித்து, ஒரு மதிய வேளையில் அது விழுந்தது. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போயிருந்தார்கள். சத்தம் கேட்டு ஓடிப் பார்த்தது வீட்டு வேலைக்கு வரும் அம்மாதான். சட்டத்தின் ஒரு மூலை மெத்தையைக் கிழித்து உள்ளே இறங்கியிருந்தது. இரண்டு தலையணை மீதும் கண்ணாடிச் சில்லு, சில துண்டுகள் கத்தி நீளத்துக்கு. மகள் அனுப்பிய புகைப்படத்தைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. அதே படம் ராத்திரி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கண்ணாடி போனதால் படத்தை முதல் தடவையாக நேராகத் தொட்டுப் பார்க்க முடிந்தது. அங்கேதான் அடுத்த ஏமாற்று வெளியே வந்தது. தங்க ரேக்கின் ஓரங்கள் கறுத்திருந்தன, கிரீடத்துக்குப் பக்கத்தில் பச்சையாகப் பூத்திருந்தது. தங்கம் இப்படிப் பூக்காது. நூறு வயது தாண்டிய தஞ்சாவூர்ப் படங்கள் இன்றும் மின்னுவதே தங்கம் காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து கறுக்காது என்பதால்தான். போலி ரேக்கு என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைத் தகடு. புதிதில் கண்ணை ஏமாற்றும். ஏசி ஓடும் அறையில், ஈரம் ஏறி இறங்கும்போது சாயம் வெளுத்துவிடும்.

எங்களுக்குப் பல வருடமாகப் பழக்கமான ஆசாரியிடம் உதிர்ந்த ரேக்கில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனேன். நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டார். பச்சையாகப் பொங்கி முழுக்கக் கரைந்துபோனது. 22 கேரட்டாக இருந்தால் இப்படிக் கரைந்து மறையாது என்றார். அதோடு விடாமல், உலோகத்தில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும் கேரட் மீட்டர் வைத்திருக்கும் இடத்திலும் வைத்துப் பார்த்தோம். செம்பு காட்டியது, துத்தநாகம் காட்டியது, தங்கம் என்று ஒன்றுமே காட்டவில்லை.

பலகையும் பிளைவுட் இல்லை. எம்டிஎஃப் என்கிறார்களே, மர நாரை அழுத்திச் செய்யும் அட்டைப் பலகை, அதுதான். பின்பக்கத்துப் பழுப்புத் தாளைக் கிழித்துப் பார்த்தால் மூலைகள் ஊறி உப்பியிருந்தன. கயிறு கட்டிய வளையத்தின் திருகு பாதி வெளியே வந்திருந்தது. கல் என்று சொன்னவற்றில் பாதி பிளாஸ்டிக்.

தஞ்சாவூரில் தலைமுறையாக இந்த வேலை செய்யும் ஓவியர் ஒருவரிடம் படத்தைக் காட்டினோம். அவர் பேசியதை முழுதாக எழுத வேண்டும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் கடைக்காரரால் ஏமாந்தது நாங்கள் மட்டும் இல்லை. முறைப்படி செய்யும்போது முதலில் பலகை மேல் துணி ஒட்ட வேண்டும். அதன்மேல் சுண்ணாம்புப் பொடியும் பசையும் கலந்து பூசி, காயவைத்து, வழுவழுப்பாகத் தேய்த்து, கோட்டுப்படம் வரைய வேண்டும். பிறகு கல் பதிப்பு. பிறகு மக்கு வேலை, அதாவது நகையும் திரையும் தூணும் எழும்பித் தெரிய வேண்டிய இடத்திலெல்லாம் குழம்பைத் தூரிகையால் அடுக்கடுக்காக ஏற்றுவது. அது நன்றாகக் காய்ந்தபிறகுதான் ரேக்கு ஒட்டி, நகத்தாலும் குச்சியாலும் அழுத்தி, ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் படிய வைக்கிறார்கள். வண்ணமும் முகமும் கடைசியில். எங்கள் படத்தில் மக்கு வேலையே இல்லை. அச்சில் வார்த்த பிளாஸ்டர் நகைகளை ஒட்டி, மேலே தகடு போட்டிருந்தார்கள். "ஒரு மாசம் உட்கார்ந்து செய்யற வேலைக்கு இதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்றாங்கம்மா" என்றார். இரண்டாம் சரபோஜி காலத்திலிருந்து, 1798இல் அவர் பட்டமேறியதிலிருந்து பார்த்தால் இருநூறு வருடத்துக்கு மேல் வளர்த்த கலை. புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. அதன் பேரைச் சொல்லிப் பித்தளைத் தகட்டை விற்பவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம், பணம் போன கோபத்தைவிடப் பெரியது.

கடைக்குப் போனோம். முதலில், "கண்ணாடி உடைஞ்சதுக்கு கேரண்டி கிடையாதும்மா" என்றார்கள். ரேக்கு பற்றிக் கேட்டதும், நீங்கள் ஈரத்துணியால் துடைத்திருப்பீர்கள் என்றார்கள். கண்ணாடிக்கு உள்ளே இருந்த ரேக்கை யார் துடைக்க முடியும்? மாட்டிய தம்பி தங்கள் ஆளே இல்லை, வெளியாள் என்றார்கள். கடைசியில், கண்ணாடி புதிதாகப் போட்டு 5,000 ரூபாய் திருப்பித் தருவதாக இறங்கி வந்தார்கள். ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது சுவர் விஷயம். வாங்குகிறவர்கள் படத்தைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள், ஆணியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கட்டிலுக்கு மேலே மாட்டும் படத்துக்கு ஆணிதான் முக்கியம் என்று நான் அடித்துச் சொல்வேன். வரவேற்பறையில் படம் விழுந்தால் தரைதான் உடையும். இங்கே கீழே இருப்பது தூங்குகிறவர்களின் தலை.

எடையைப் பாருங்கள். சாதாரணக் கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு, சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ. 3க்கு 2 அடிப் படத்தில் 4 மில்லிமீட்டர் கண்ணாடி போட்டால் அதுவே ஐந்தரை கிலோ. எங்கள் படத்தைக் கண்ணாடி இல்லாமல் எடை போட்டபோது 9 கிலோவைத் தாண்டியது. ஆக, பதினைந்து கிலோ அரிசி மூட்டையைத் தலைக்கு மேல் ஒரே ஆணியில் தொங்கவிட்டது போல.

அந்தத் தம்பி சொன்னாரே, ஆணி சுலபமாக இறங்குகிறது என்று, ஆபத்தே அதில்தான். இன்றைய அடுக்குமாடி வீடுகளில் பல சுவர்கள் ஏஏசி பிளாக்கால் கட்டியவை. உள்ளே நுண்ணிய காற்றுக்குமிழ் நிறைந்த லேசான கல். செங்கல்லோடு ஒப்பிட்டால் எடை மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். ஆணி உடனே இறங்கும், ஆனால் பிடித்துக்கொள்ளாது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் துளை பெரிதாகி, ஆணி தலை குனிந்து, ஒருநாள் வெளியே வந்துவிடும். எங்கள் வீட்டில் ஆணி வளையவே இல்லை. கயிறும் அறவில்லை. ஆணி அப்படியே கழன்று வந்திருந்தது, கூடவே கைப்பிடி தூள்.

இப்படிச் சுவருக்கு டிரில் போட்டு, ஏஏசிக்கென்றே விற்கும் நீளமான நைலான் பிளக் வைத்து, திருகு முடுக்க வேண்டும். பூச்சில் மட்டும் நிற்காமல் கல்லுக்குள் நன்றாக இறங்க வேண்டும். ஒன்றல்ல, இரண்டு இடத்தில், இடைவெளி விட்டு. இரண்டு வளையமும் நேராக இரண்டு கொக்கியில் உட்கார்ந்தால் கயிறே தேவையில்லை. கயிறுதான் வேண்டும் என்றால் அதைத் தட்டையாக இழுத்துக் கட்ட விடாதீர்கள். ஒரே ஆணியில் தொங்கும்போது கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சரிவில் இருந்தால், ஒவ்வொரு பக்கமும் படத்தின் முழு எடை அளவுக்கு இழுபடுகிறது. 10 பாகைக்குத் தட்டையானால் அந்த இழுப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. எங்கள் வளையத்துத் திருகு எம்டிஎஃப்பிலிருந்து பிதுங்கியதற்குக் காரணம் அதுதான்.

இன்னொன்று, டிரில் போடும் முன் சுவிட்ச் போர்டைப் பாருங்கள். கட்டில் பக்கத்துப் போர்டுகளிலிருந்தும் ஏசி பாயிண்டிலிருந்தும் மின்கம்பி சுவருக்குள் பெரும்பாலும் நேர் மேலாகவோ நேர் கீழாகவோதான் ஓடும். அந்தக் கோட்டை விட்டு விலகியே துளை போட வேண்டும். வெளிச்சுவராக இருந்து மழைக்கு ஓதம் ஏறும் என்றால், அங்கே எந்த ஓவியமும் மாட்டாதீர்கள்.

அளவு விஷயத்திலும் கடையில் பெரிதாகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். எங்களிடமும் 4க்கு 3 அடிதான் எடுப்பாக இருக்கும் என்றார்கள். கட்டிலின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு போதும். 5 அடிக் கட்டிலுக்கு 3 அடி, கொஞ்சம் கூடினால் மூன்றேகால். தலைப்பலகைக்கும் படத்தின் அடிச்சட்டத்துக்கும் நடுவே அரை அடியிலிருந்து முக்கால் அடி இருந்தால் சாய்ந்து உட்காரும்போது தலை இடிக்காது, பார்க்கவும் கட்டிலோடு சேர்ந்தாற்போல் இருக்கும். கண்ணாடி போட்டே ஆகவேண்டிய படம் என்றால் அக்ரிலிக் போடச் சொல்லுங்கள். அதே தடிமனில் எடை பாதிக்கும் கீழே, விழுந்தாலும் கத்தி போன்ற சில்லாகாது. என்னைக் கேட்டால், கனமான தஞ்சாவூர் ஓவியத்தைக் கால்மாட்டுச் சுவரிலோ பக்கச் சுவரிலோ மாட்டுங்கள். கண் விழித்ததும் கிருஷ்ணர் முகம் தெரிவதும் அங்கேதான்.

ஓவியம் வாங்கும்போது முடிந்த வரை வரைபவரிடமே சொல்லிச் செய்யுங்கள். கோட்டுப்படம், மக்கு வேலை, ரேக்கு ஒட்டுவது என ஒவ்வொரு கட்டத்திலும் புகைப்படம் அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையாகச் செய்பவர்கள் சந்தோஷமாக அனுப்புவார்கள். நகையில் இருப்பது போல ஹால்மார்க் எண் ஓவியத்தின் ரேக்கில் இருக்காது, அதனால் கடைக்காரர் தானே அச்சடித்த சான்றிதழை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். பில்லிலேயே '22 கேரட் தங்க ரேக்கு, பிளைவுட், அளவு இவ்வளவு, மாட்டிக் கொடுப்பது உட்பட' என்று எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அந்தக் கடை வேண்டாம். கண்ணாடி போடும் முன் ஒருமுறை படத்தைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் பாருங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பில்லில் காலக்கெடு எதுவும் போடாத நிலையில் குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக முறை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துகொள்ளுங்கள். நாங்கள் அதைச் செய்து, கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, பதில் வராததால் மாவட்ட ஆணையத்துக்குப் போயிருக்கிறோம்.

கடைக்காரர் கொடுத்த அந்தச் சான்றிதழ்தான் இப்போது எங்களிடம் இருக்கும் முக்கியமான ஆதாரம். பில்லில் இல்லாத '22 கேரட்' அதில் முத்திரையோடு இருக்கிறது. அதனால் இப்படி ஒன்று நடந்தால் அட்டை, ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், கழன்ற ஆணி, உதிர்ந்த ரேக்கு எதையும் குப்பையில் போடாதீர்கள். பெருக்குவதற்கு முன் எல்லாப் பக்கமும் படமெடுங்கள். ஆணி இருந்த துளையைப் பூசி மறைக்காமல், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.