யார்டு போர்ட்டலுக்கு ஏடி லாகின்: ஃபயர்வால் சேவைக்கு ஐந்துக்கு மூன்றரை

எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் கன்டெய்னர் யார்டு நடத்துபவர்களுக்கு இது பழகிய தலைவலி. பெட்டி எங்கே நிற்கிறது என்று காட்டும் போர்ட்டல் டிஎம்இசட்டில், அதாவது இணையத்துக்கும் உள் நெட்வொர்க்குக்கும் நடுவே தனியாக ஒதுக்கிய பகுதியில் இருக்கும். பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர் (ஏடி, அதாவது மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி ஓடும் சர்வர்) உள் நெட்வொர்க்கில் இருக்கும். இரண்டையும் ஃபயர்வால் வழியே இணைத்துத் தரும் உள்ளூர் சேவை ஒன்றைப் பற்றியது இது. குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயர் வேண்டாம்.

முக்கியமான முடிவைச் சரியாக எடுக்கிறார்கள்: போர்ட்டல் சர்வரை டொமைனில் சேர்ப்பதில்லை. சேர்த்தால் 53, 88, 135, 389, 445, 464 ஆகிய போர்ட்டுகள் எல்லாம் திறக்க வேண்டும். ஆர்பிசிக்காக (விண்டோஸ் மெஷின்கள் ஒன்றையொன்று அழைக்கும் முறை) 49152 முதல் 65535 வரையும் கேட்கும். அவ்வளவையும் திறந்துவிட்டு ஃபயர்வால் எதற்கு? இவர்கள் போடுவது ஒரே ரூல்: போர்ட்டலின் ஐபியிலிருந்து இரண்டு டொமைன் கன்ட்ரோலர்களுக்கு மட்டும், டிசிபி 636 (ஏடியிடம் கேட்கும் எல்டாப் முறையின் மறையாக்கிய வடிவம்), லாக் ஆன். மறையாக்காத எல்டாப்பான 389-ஐத் தொடுவதில்லை, அதில் சிம்பிள் பைண்ட் (பெயரையும் பாஸ்வேர்டையும் நேராக அனுப்பும் லாகின்) போனால் பாஸ்வேர்டு அப்படியே தெரியும்.

சறுக்குவது, டொமைன் கன்ட்ரோலர் தன்னை அடையாளம் காட்டும் சர்ட்டிஃபிகேட்டில். போர்ட்டல் செட்டிங்கில் டொமைன் கன்ட்ரோலரின் ஐபியைப் போடுகிறார்கள். சர்ட்டிஃபிகேட்டில் இருப்பதோ அதன் முழுப் பெயர். இரண்டும் பொருந்தாமல் எரர் வந்ததும் ‘வெரிஃபை’ டிக்கை எடுத்துவிடுகிறார்கள். லாகின் ஓடும், ஆனால் நடுவில் வேறொரு மெஷின் டொமைன் கன்ட்ரோலராக நடித்தாலும் போர்ட்டல் நம்பிவிடும். செட்டிங்கில் முழுப் பெயரையே போட்டு, அந்தப் பெயருக்கு எந்த ஐபி என்று போர்ட்டலின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் இரண்டு வரி எழுதி, உள் சிஏவின் (சர்ட்டிஃபிகேட் வழங்கும் சர்வர்) ரூட் சர்ட்டிஃபிகேட்டைப் போர்ட்டலில் ஏற்றினால் போதும். பெயரைத் தேடும் டிஎன்எஸ்ஸுக்காக 53-ஐத் திறக்கவும் தேவையில்லை.

அடுத்தது, சாப்பாட்டு நேரம் முடிந்து வருபவரின் லாகின் சுற்றிக்கொண்டே நிற்பது. சும்மா கிடக்கும் எல்டாப் இணைப்பை ஏடி இயல்பாக 900 விநாடியில் மூடும். ஃபயர்வால் அதற்கும் முன்பே சத்தமில்லாமல் வெட்டிவிடலாம். போர்ட்டலோ செத்த இணைப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். கனெக்‌ஷன் பூலில் (போர்ட்டல் திறந்தே வைத்திருக்கும் இணைப்புகள்) ஐடில் நேரத்தை இரண்டையும்விடக் குறைவாக வைக்கச் சொல்லுங்கள்.

ஒப்படைக்கும்போது டெல்நெட்டில் 636 திறக்கிறது என்று காட்டுவார்கள். அது போதாது. எல்டாப் இணைப்பைச் சோதிக்கும் எல்டிபி (ldp.exe) கருவியில் எஸ்எஸ்எல் டிக்கோடு, முழுப் பெயர் கொடுத்து இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு போர்ட்டலில் சரியான யூசர்நேம், காலி பாஸ்வேர்டு கொடுத்துப் பாருங்கள். காலி பாஸ்வேர்டு பைண்டை ஏடி அனானிமஸாக எடுத்து ‘சக்ஸஸ்’ சொல்லும். அதை நம்பும் போர்ட்டல் ஆளை உள்ளே விட்டுவிடும். போர்ட்டலே அதைத் தடுக்க வேண்டும். தவறான முயற்சிக்கான வரம்பும் டொமைனில் 10 என்றால் போர்ட்டலில் 5 இருக்கட்டும். இல்லாவிட்டால் வெளியாள் ஒருவன் யார்டு ஊழியர் அத்தனை பேர் அக்கவுன்டையும் லாக் செய்துவிடுவான்.

கையில் தரும் தாளில் ரூல், ஐபி, சர்வீஸ் அக்கவுன்ட் பெயர் எல்லாம் இருக்கின்றன. சர்ட்டிஃபிகேட் காலாவதி தேதி மட்டும் இல்லை. கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.