உழவர் சந்தையா, தெருவுக்கு வர்ற வண்டியா, பள்ளிக்கூட சமையலறையா? கூலிக்காரங்க வீட்டுக்கு காய்கறி போய்ச் சேர எது நல்ல வழி

ரேஷன்ல அரிசி ஃப்ரீ, துவரம்பருப்பு கிலோ 30 ரூபா, பாமாயில் 25 ரூபா. காய்கறிக்கு மட்டும் கையில காசு வேணும், அதனால வேலை கிடைக்காத அன்னைக்கு குழம்புல முதல்ல காணாம போறது காய்தான். பக்கத்து வயல்லயே கத்தரி காய்ச்சு தொங்கும்போது இப்படின்னா மனசு கேக்கல.

விலைய மட்டும் பார்த்தா உழவர் சந்தைய அடிச்சுக்க ஆளில்ல. 1999ல மதுரை அண்ணா நகர்ல ஆரம்பிச்சது, தரகர் கிடையாது, அட்டை வச்சிருக்க விவசாயிதான் விக்கணும், அன்னைய விலைய போர்டுல எழுதிப் போட்டுருவாங்க. விடியக்காலைல போங்க, ஈரச்சாக்குல சுத்தி வச்ச சிறுகீரைக் கட்டுல வேர் மண்ணு கூட காஞ்சிருக்காது. ஆனா சித்தாள் வேலைக்குப் போற அக்காவுக்கு கூலி கைக்கு வர்றது சாயங்காலம், சந்தையோ பெரும்பாலும் காலையிலயே முடிஞ்சிடுது, டவுன் பஸ் பொம்பளைங்களுக்கு ஃப்ரீதான், ஆனா அந்த நேரத்துக்கு மேஸ்திரி முன்னாடி போய் நிக்கலன்னா அன்னைக்கு வேலையே போச்சு.

வண்டி விஷயம் சுருக்கமா சொல்லிடுறேன். 2020 ஊரடங்குல தெருத்தெருவா காய்கறி வண்டி வந்தது பெரிய உதவி, மறுக்கவே முடியாது. ஆனா டீசல், டிரைவர் கூலி எல்லாம் காய் விலையிலதான் ஏறும், மிஞ்சுன கீரை வெயில்ல வாடிடும். அதோட நம்ம தெரு தள்ளுவண்டி அண்ணன் "சனிக்கிழமை குடும்மா"ன்னு கடன் குடுப்பாரு, இந்த வண்டில அது நடக்காது.

என் ஓட்டு பள்ளிக்கூட சமையலறைக்குத்தான். மதியம் சத்துணவு ஏற்கனவே இருக்கு, 2023 ஆகஸ்ட்ல காலை உணவும் எல்லா அரசு தொடக்கப்பள்ளிக்கும் வந்துடுச்சு, கிராமத்துல அதை சமைக்கிறதே மகளிர் குழு அக்காங்கதான். சத்துணவுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் அரசாங்கம் குடுக்குது, காய்கறிய அமைப்பாளர் உள்ளூர்லயே வாங்கிக்கணும், நம்ம கைக்கு எட்டுற இடம் அதுதாங்க! டவுன் மண்டில வாங்குறத ஊர்ல கீரை போடுற ரெண்டு மூணு பேர்கிட்ட வாங்கினா போதும், காலைல பறிச்சது மதியம் சாம்பார்ல இருக்கும், காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் அதே தட்டு, அதே காய்.

சிக்கல் இல்லாம இல்ல. பில்லு பணம் லேட்டானா சின்ன விவசாயி தாங்க மாட்டாரு, அதுக்கு குழுவோட சுழல்நிதில இருந்து கொஞ்சம் முன்பணமா குடுத்துட்டு பணம் வந்ததும் எடுத்துக்கலாம். லீவு நாள்ல பிள்ளைங்களுக்கு கிடைக்காது, வீட்ல இருக்க பாட்டிக்கு என்னைக்குமே கிடைக்காது. அதனால அதே விவசாயிங்க மிச்சக் காய கொண்டுவந்து, கூலி வாங்கிட்டு திரும்புற நேரத்துக்கு ஊர் பஸ் ஸ்டாப்ல குழு மூலமா வித்தா நல்லாருக்கும், பத்து ரூபாய்க்கு கூறு கட்டி வச்சா கூட அன்னைக்கு ராத்திரி குழம்புக்கு ஆச்சு.