போர்பிரியா கியூட்டேனியா டார்டா: குளிசையா, இரத்தம் எடுப்பதா?

இலங்கை மலையகத்தின் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வெளிக்கள உத்தியோகத்தராக வேலை செய்யும் நான், இந்தத் தோல் நோய்க்குரிய இரண்டு சிகிச்சைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பெற்றிருக்கிறேன். இரண்டுமே குணப்படுத்துகின்றன, ஆனால் நோய் திரும்பி வருவதில் அவை ஒரே மாதிரியானவை அல்ல.

கவ்வாத்து மலையில் ஒரு மிலாறு (வெட்டிய தேயிலைக் குச்சி) உரசினாலே என் புறங்கைத் தோல் உரிந்துவிடும். கொப்புளங்கள் ஆறிய இடத்தில் வெள்ளை மணிகள் தங்கும். சிறுநீர் சாயத்தண்ணி நிறத்தில் போகும். மருந்தடிப்பதால் வந்த ஒவ்வாமை என்றே பலரும் சொன்னார்கள். சிறுநீரில் போர்பிரின் என்ற நிறமியின் அளவைப் பார்த்த பிறகுதான் நோய் உறுதியானது. கல்லீரலில் இரும்பு மிகும்போது, இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் உருவாகும் பாதையிலுள்ள ஒரு நொதி முடங்கி, போர்பிரின்கள் தேங்கித் தோலுக்கு வந்து, வெளிச்சம் பட்டதும் புண்ணாக்குகின்றன. மதுவும் புகைத்தலும் ஹெபடைட்டிஸ் சி தொற்றும் ஈஸ்ட்ரஜன் குளிசைகளும் இதைத் தூண்டுகின்றன.

இரத்தம் எடுக்க இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நகரத்துக்குப் போய்வருவது தோட்டத்தில் இருப்பவருக்கு எளிதல்ல என்பதால், முதலில் ஹைட்ரொக்சிகுளோரோகுயின் எழுதித் தந்தார்கள்: 200 மில்லிகிராம் குளிசையில் பாதி, வாரத்துக்கு இருமுறை மட்டும். இந்த அளவு மிக முக்கியம். வேறு நோய்களுக்குக் கொடுப்பதுபோல் தினமும் முழு அளவில் எடுத்தால், கல்லீரலில் தேங்கிய போர்பிரின்கள் ஒரேயடியாக வெளியேறிக் காய்ச்சலும் கல்லீரல் பாதிப்பும் வரலாம். சில மாதங்களில் கொப்புளம் நின்றது, சிறுநீரும் தெளிந்தது. ஆனால் குளிசை போர்பிரினை வெளியேற்றுமே தவிர, இரும்பைக் குறைப்பதில்லை. அதை நிறுத்திச் சில ஆண்டுகளில் கொப்புளங்கள் திரும்பின. அப்போது, உடலில் சேர்ந்துள்ள இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிட்டினும் இரத்தத்தில் உயர்ந்திருந்தது.

இரண்டாம் முறை இரத்தம் எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ 450 மில்லிலீற்றர் எடுக்க, அதை ஈடுசெய்யப் புது இரத்தம் ஊறும்போது கல்லீரலில் சேர்ந்த இரும்பு செலவாகிறது. ஃபெரிட்டின் மில்லிலீற்றருக்கு 20 நனோகிராமை நெருங்கியதும் நிறுத்தினார்கள். தோல் தேற அதற்கு மேலும் சிறிது காலம் பிடித்தது. எடுத்த அன்று மலையேறக் கால் தளர்ந்தது உண்மை. இருந்தும், போய்வர முடிந்தவர்களுக்கு இதையே நான் முதலில் சொல்வேன். குணமாகும் காலத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை என்று 2012இல் வெளியான ஒப்பீட்டாய்வு காட்டியது. நோய் திரும்புவதோ இரத்தம் எடுத்தவர்களிடையே குறைவு என்பதையே பின்வந்த ஆய்வுத் தொகுப்பும் என் அனுபவமும் சொல்கின்றன. இரத்தசோகையோ கடும் இதய நோயோ உள்ளவர்களுக்குக் குளிசைதான் வழி. பரம்பரையாகவே இரும்பு மிகுந்து சேரும் நோயுள்ளவர்களுக்குக் குளிசை போதாது.

எங்கள் பகுதியில் உடம்பு சோர்ந்தால் உடனே இரும்புச்சத்து மருந்து தருவது வழக்கம். இரத்தசோகை பரவலாக உள்ள தோட்டங்களில் அது நியாயமே. ஆயினும் இந்நோய் உள்ளவர், எந்த வைத்தியரிடம் போனாலும், அதை வாங்குமுன் நோயின் பெயரைச் சொல்லிவிட வேண்டும்.

பனிமூட்டத்தை நம்பியும் இருக்கக்கூடாது. போர்பிரினைத் தூண்டுவது 400 நனோமீற்றரையொட்டிய ஊதா ஒளி. அது மூட்டத்தையும் ஜன்னல் கண்ணாடியையும் கடந்து வரும். சாதாரண வெயில் கிறீம் அதை முழுதாகத் தடுக்காது. நோய் அடங்கும்வரை கையுறையும் அகலத் தொப்பியும், வெள்ளையாகப் படியும் சிங்க் ஒக்சைட்டுப் பூச்சும் எனக்கு உதவின. இப்போது ஆண்டுக்கொருமுறை ஃபெரிட்டினும் சிறுநீர்ப் போர்பிரினும் பார்க்கிறேன். போர்பிரின் ஏறத் தொடங்கினால், கொப்புளம் வருமுன்பே மறுபடி இரத்தம் எடுப்பதென்று வைத்தியருடன் முடிவு செய்திருக்கிறேன்.