திருப்பூர் கம்பெனியில் நான்கு வருட இஆர்பி: லாபம் வந்த இடம்

திருப்பூரில் ஒரு நடுத்தர ஏற்றுமதிக் கம்பெனியில் ப்ரொடக்‌ஷன் பார்க்கிறேன். 2021 கடைசியில், நூல் விலை ஏறிக்கொண்டே போன நேரத்தில், நோட்டிலும் எக்ஸலிலும் ஓடிய கணக்கை இஆர்பிக்கு, அதாவது வாங்குவது, ஸ்டாக், உற்பத்தி, பில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கும் சாஃப்ட்வேருக்கு மாற்றினோம். வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் வருடம் நஷ்டம்தான். டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) புத்தகத்திலும் எழுதினோம், கம்ப்யூட்டரிலும் ஏற்றினோம், இரண்டும் ஒத்தே போகாது. எங்கள் தொழிலில் நூல் வாங்கியதும் நேராக நிட்டிங்குக்கு (துணியாகப் பின்ன) போகும், அங்கிருந்து டையிங் (சாயம்), காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இருக்க அமுக்குவது), அப்புறம்தான் நம் கட்டிங் மேசை. அதாவது போட்ட பணம் பெரும்பாலும் அடுத்தவர் குடோனில்தான் கிடக்கும். சாஃப்ட்வேரோ எங்கள் கேட்டுக்குள் நடந்ததை மட்டும் காட்டியது. அது எங்களுக்கு முன்பே தெரியும்.

சரி, இந்த வேலைகளைக் கூலிக்குச் செய்து தரும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளையே போனில் எடை ஏற்றச் சொன்னோம். "எங்க கணக்க நீங்க எதுக்குப் பார்க்கணும் தம்பி?" என்று ஒரு டையிங் முதலாளி நேராகவே கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. என்ட்ரி முடிந்த பில் அந்த வாரமே பாஸ் ஆகும் என்று எங்கள் முதலாளியிடம் பேசி வாங்கிக் கொடுத்த பிறகுதான் எல்லாரும் ஏற்ற ஆரம்பித்தார்கள். நான்கு வருடத்தில் நாங்கள் செய்த ஒரே பெரிய சீர்திருத்தம் இதுதான் என்பேன். சிறு, குறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் அந்த வருடச் செலவாகக் கழிக்க முடியாது என்ற வருமான வரி விதி 2024 ஏப்ரலில் வந்தபோது எங்களுக்குப் பதற்றமே இல்லை.

கண்ணெதிரே நடந்த ஒன்று. சாயத்தில் ஸ்டிக்கர் நிற்காது, அதனால் துணி ஓரத்தில் லாட் எண் (ஒரே தடவையில் சாயம் போடும் துணிக்கான எண்) எழுதி அனுப்பி, திரும்பி வந்ததும் ரோலுக்கு ரோல் ஸ்டிக்கர் ஒட்டுவோம். ஒரு நேவி ப்ளூ ஆர்டரில் கட்டிங் மாஸ்டர் ஸ்கேன் செய்தபோது சிவப்பு எழுத்தில் நின்றுவிட்டது: உடம்புக்கு ஒரு லாட், கைக்கு வேறு லாட். வெயிலில் வைத்துப் பார்த்தோம், ஷேடு வித்தியாசம் தெரிந்தது. பழைய முறையில் தைத்து முடித்து செக்கிங்கில்தான் பிடித்திருப்போம். அப்புறம் மறுபடி துணி, மறுபடி சாயம், கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் அனுப்புவது. அந்த ஆர்டரில் சம்பாதித்ததை விமானக் கூலியே தின்றிருக்கும். 2023 டிசம்பருக்குப் பிறகு செங்கடலை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கப்பல்கள் போக ஆரம்பித்ததும் ஐரோப்பா ஆர்டர்களில் இழுபறிக்கே இடமில்லாமல் போனது, அந்த நேரத்தில் துணி எந்தத் தேதிக்கு வரும் என்று முன்கூட்டித் தெரிந்ததுதான் எங்களைக் காப்பாற்றியது.

பையர் இதற்காக ஒரு பைசாகூடக் கூட்டித் தரவில்லை. லாபம் வந்ததெல்லாம் வீணாவது குறைந்ததில்தான்.

குறைகளும் உண்டு. மாதக் கடைசியில் சர்வர் இழுக்கிறது, புது ரிப்போர்ட் ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு கேட்கிறார்கள். நைட் ஷிஃப்டில் வந்த லோடைக் காலையில் ஏற்றினால் அன்றைய ஸ்டாக் முழுக்கத் தப்பு. பிரிண்டிங் யூனிட்டுகள் இன்னும் உள்ளே வரவில்லை, இப்போது தேதி தவறுவதெல்லாம் அங்கேதான். அடுத்த சீசனுக்கு முன் அவர்களோடும் உட்கார்ந்து பேச வேண்டும்.