பள்ளி இல்லாத பள்ளித் தெரு

பாஸ்டன் நகரத்து நடைபாதைகளில் இரண்டரை மைல் தூரத்துக்குச் சிவப்புக் கோடாக ஓடும் 'ஃப்ரீடம் டிரெயில்' 16 வரலாற்று இடங்களை இணைக்கிறது. அவற்றுள் கவனிக்காமல் கடந்துபோக மிகவும் எளிதான இடம், ஸ்கூல் தெருவில் உள்ள, அமெரிக்காவின் முதல் பொதுப் பள்ளியின் நிலம்தான். இங்கே கட்டணம் இல்லை, வரிசை இல்லை, உள்ளே சென்று பார்க்கக் கட்டடமும் இல்லை. ஹார்வர்டு கல்லூரிக்கு ஓராண்டு முன்னதாக, 1635 ஏப்ரல் 23 அன்று நகரத்தார் கூடித் தீர்மானித்துத் தொடங்கிய பாஸ்டன் லத்தீன் பள்ளி முதலில் ஆசிரியரின் வீட்டில் நடந்தது. பின்னர் இத்தெருவில் கட்டடம் பெற்று, தெருவுக்கே தன் பெயரைக் கொடுத்தது. பக்கத்திலிருந்த கிங்ஸ் சேப்பல் தேவாலயத்தை விரிவாக்குவதற்காக 18ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டுப் பள்ளியை எதிர்ச்சாரிக்கு மாற்றினார்கள்.

ஆகவே இன்று நாம் பார்ப்பது மூன்றே பொருள்கள்: 1865இல் கட்டி முடிக்கப்பட்ட பழைய நகர மன்றம், அதன் முற்றத்தில் பெஞ்சமின் பிராங்க்ளினின் சிலை, நடைபாதையில் பதித்த ஒரு மொசைக். இவற்றுள் என் மனத்துக்கு நெருக்கமானது மொசைக்தான். லில்லி ஆன் ரோசன்பெர்க் 1983இல் அதைப் பாண்டி ஆட்டக் கட்டங்களின் வடிவில் அமைத்திருக்கிறார். பள்ளியை நினைவுகூர ஒரு தூணையோ கல்வெட்டையோ நாடாமல் சிறுவர் விளையாட்டை எடுத்துக்கொண்டது நல்ல முடிவு. குனிந்து பார்க்காதவர்கள் அதன்மேல் மிதித்தபடியே போய்விடுகிறார்கள் என்பதும் உண்மை. பாண்டிக் கட்டத்துக்கு அது ஒன்றும் அவமரியாதை இல்லை.

சிலையைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஐந்து பேர் இப்பள்ளியில் படித்தவர்கள். அவர்களில் படிப்பை முடிக்காதவர் பிராங்க்ளின் ஒருவரே. எட்டு வயதில் சேர்ந்து, வகுப்பில் வேகமாக முன்னேறியும், ஓராண்டு நிறையுமுன் தந்தையால் வேறு பள்ளிக்கு மாற்றப்பட்டவர். 1856இல் சிலை எழுப்பியவர்கள் நகரத்தின் புகழ்பெற்ற மகனைக் கொண்டாடினார்கள், பள்ளியை அல்ல. ஆனாலும் அவர் தமது உயிலில் பாஸ்டனின் இலவசப் பள்ளிகளில் மாணவர்களுக்கு வெள்ளிப் பதக்கம் வழங்க 100 பவுண்டு எழுதிவைத்தார் என்பதை நினைத்தால் குறை சொல்ல வாய் வருவதில்லை.

இவ்விடத்தில் நின்று நினைத்துப் பார்க்க வேண்டியவர்கள் வேறு இருவர். 1734 முதல் 1775 வரை தலைமை ஆசிரியராக இருந்த ஜான் லவல் பிரிட்டிஷ் மன்னரின் விசுவாசி. அவரிடமே துணையாசிரியராக இருந்த மகன் ஜேம்ஸ் லவல் அமெரிக்கப் புரட்சியின் பக்கம். தந்தையும் மகனும் ஒரே அறையின் இரு முனைகளில் அமர்ந்து பாடம் நடத்தினார்கள் என்று சொல்வார்கள். 1775 ஏப்ரல் 19 அன்று போர் மூண்ட செய்தி வந்ததும், புத்தகங்களைக் கீழே வைக்கும்படி லத்தீனில் ஆணையிட்டுத் தந்தை பள்ளியைக் கலைத்தார். மறு ஆண்டு பிரிட்டிஷ் படை நகரத்தை விட்டு விலகியபோது அவர் அகதியாக, இன்றைய கனடாவிலுள்ள ஹாலிஃபாக்ஸுக்குக் கப்பலேறினார். மகனும் அதே ஊருக்குப் போனார், பிரிட்டிஷாரின் கைதியாக. இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு வருபவருக்கு இம்முற்றம் வேறொன்றாகத் தெரியும். தெரியாமல் வருபவருக்கு இது படம் எடுத்துக்கொள்ளும் ஒரு சிலை மட்டுமே.

'பொது' என்ற சொல்லையும் சற்று நிறுத்திப் படிக்க வேண்டும். ஆரம்பத்தில் வசதி படைத்தோரின் நன்கொடையும், துறைமுகத்திலுள்ள டீர் தீவின் வருமானமும்தான் பள்ளியைத் தாங்கின. பெண்களுக்கென 1878இல் தனி லத்தீன் பள்ளி திறக்கப்பட்டது. இந்தப் பள்ளியில் அவர்களுக்கு இடம் கிடைத்தது 1972இல்தான், அதாவது தொடங்கி 337 ஆண்டுகளுக்குப் பிறகு.

பள்ளி இன்றும் நடக்கிறது, ஆனால் இங்கே அல்ல. 1922 முதல் லூயி பாஸ்டர் அவென்யூவில் இருக்கிறது. அது மாணவர்கள் படிக்கும் இடம், சுற்றுலாத் தலம் அல்ல என்பதால் அதைத் தேடிப் போக நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்கூல் தெருவுக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்: முதலில் மொசைக், பிறகு சிலை, கடைசியாகத் திரும்பி நின்று கிங்ஸ் சேப்பலின் கற்சுவரைப் பாருங்கள். பழைய வகுப்பறை இருந்தது அந்தப் பக்கம்தான். குழந்தைகளோடு வருபவர்கள் கூடுதலாகப் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். பாண்டிக் கட்டத்தைப் பார்த்துவிட்டால் அவர்கள் லேசில் நகர மாட்டார்கள்.