விட்சர், எல்டன் ரிங், வுகோங், ஸ்கைரிம்: கதைன்னு பாத்தா எது நிக்குது?

பாளையங்கோட்டை பயலுவகிட்ட ஃபேண்டஸி ஆர்பிஜி-ல (மாய உலகத்துல நாமளே ஒரு ஆளா நடமாடுத வீடியோ கேம்) எதுல கதை நல்லாருக்குன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுதானுவ, ஒருத்தன் ஸ்கைரிம்ங்கான், ஒருத்தன் எல்டன் ரிங்ங்கான், இப்ப வுகோங் கட்சி வேற சேந்துருக்கு. நான் த விட்சர் 3 கட்சி. கிராஃபிக்ஸ், ஃபைட்டு பத்தியெல்லாம் எல்லாரும் பேசியாச்சு, இந்த கேமெல்லாம் புராணத்தையும் ஊர்க்கதையையும் எடுத்து என்ன பண்ணுதுன்னுதான் நான் பாக்கேன். கதை தெரிஞ்சிரக்கூடாதுன்னு நெனைக்கவங்க விட்சர் பத்தி வார எடத்த மட்டும் தாண்டிப் போயிருங்க.

நான் எத வச்சு அளக்கேன்னு சொல்லிருதேன். காரையாறு சொரிமுத்தையன் கோவில்ல பட்டவராயனுக்குச் செருப்பக் காணிக்கையா போட்டுருக்கத பாத்திருப்பிய. பிராமணனாப் பொறந்த முத்துப்பட்டன் பூணூல அறுத்துப் போட்டுட்டு, செருப்புத் தைக்க வாலப்பகடையோட மக்க பொம்மக்கா திம்மக்கா ரெண்டு பேரையும் கட்டி, மாட்ட ஓட்டிட்டுப் போக வந்த கள்ளனுவகிட்ட சண்டபோட்டுச் செத்து சாமியானவரு, அதான் அவருக்குச் செருப்பு. இந்தச் சாமி ஏன் சாமியாச்சு, அந்தப் பேயி ஏன் பேயாச்சுன்னு ஒரு மனுசக் கதை அடில இருக்கணும். அது இல்லாத புராணம் வெறும் செட்டு.

ஸ்கைரிம சட்டுன்னு முடிச்சிருவோம். 2011-ல வந்தது, இன்னைக்கும் சுத்திப் பாக்க அப்படி ஒரு ஊரு. செத்த வீரனுவ போற சோவன்கார்ட் அப்படியே வடஐரோப்பாப் பழங்கால நார்ஸ்காரவளோட வல்ஹல்லா, கல்லறைல எந்திரிச்சு வார ட்ராகர் ஐஸ்லாந்துப் பழங்கதைல உள்ளது, உலகத்தத் திங்க வார டிராகன் ஆல்டுயின்னு சரக்கெல்லாம் இருக்கு. ஆனா மெயின் கதைல ஒரு ஆளு மனசுல நிக்கலையே. மந்திரக் காலேஜ்ல சேந்து கொஞ்ச நேரத்துல நம்மளையே தலைவராக்கி விட்டுருதாவ. நல்ல கதையெல்லாம் அலமாரில கெடக்க புஸ்தகத்துல இருக்கு, எடுத்துப் படிச்சாத்தான் உண்டு.

எல்டன் ரிங் வேற மாதிரி. 2022-ல வந்துது, இந்த உலகத்தோட பழைய வரலாற எழுதிக் கொடுத்தது 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதைக்காரரு ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். ஆனா கேம் நம்மகிட்ட எதையும் உக்காந்து சொல்லாது, ஒரு மோதிரம், ஒரு வாளு, அதுக்குக் கீழ ரெண்டு வரி, அத நாமதான் கோத்துப் பாக்கணும். ராடான்னு ஒரு பெரிய பாஸ் (வழிமறிச்சு நிக்க பெரிய எதிரி), பாதி சாமி, மலை மாதிரி ஒடம்பு, அவன் குதிரை லியனார்ட் எலும்பும் தோலுமா ஒரு நோஞ்சான். இது என்ன இப்படின்னு பாத்தா, தன் கனம் குதிரைக்குத் தெரியக்கூடாது, அத விட்டுப் பிரியக்கூடாதுங்கதுக்காகத்தான் அவன் ஈர்ப்பு மந்திரமே படிச்சானாம்! இப்ப அழுகல் நோவு வந்து புத்தி பேதலிச்சு போர்க்களத்துல செத்தவன எடுத்துத் திங்கான், அவனுக்கு வீரச்சாவு கொடுக்கதுக்குன்னே ஒரு திருவிழா கூட்டுதாவ. இத வாசிச்சுத் தெரிஞ்சதுக்கப்புறம் அவன வெட்டவே கை வரல. இப்படி எடம் அங்கங்க இருக்கு, ஆனா பாதிக்கு மேல பேரும் வம்சாவளியுமா சிக்கிக் கெடக்கு, ஒரு குடியானவன் வீட்டுல இந்த சாமிங்களால என்ன ஆச்சுன்னு காட்டவே மாட்டேங்கு.

பிளாக் மித்: வுகோங் 2024, சீனாக்காரவ எடுத்தது, குரங்கு ராஜா சன் வுகோங் கதைக்கு அப்புறம் நடக்கது. ரெண்டாவது அத்தியாயத்துல தலையில்லாத ஒரு முண்டம் தந்தி வாத்தியத்த வச்சுக்கிட்டு கதையப் பாட்டாச் சொல்லும், அவங்க வடநாட்டுக் கிராமத்துல நெசமாவே உள்ள கதைப்பாட்டு அது. வில்லுப்பாட்டு கேட்டு வளந்த நமக்கு அந்த எடம் சும்மா சிலித்துரும். ஒவ்வொரு அத்தியாயம் முடியவும் வார அனிமேஷனும் அருமை. கொற என்னன்னா மூலக்கதை தெரிஞ்சவனுக்குத்தான் கேம் பேசுது, தெரியாதவனுக்கு பாஸ் மேல பாஸா வந்துக்கிட்டே இருக்கும்.

இப்ப விட்சர், 2015, போலந்துக்காரவ எடுத்தது, பேய் பிசாச வேட்டையாடுத ஆளா நாம ஆடணும். உச்சிவேளைல கெணத்துப் பக்கம் தனியாப் போவாதன்னு நம்ம ஆச்சிமாரு சொல்லுவாவல்லா, போலந்து பக்கமும் மத்தியான வெயில்ல வயக்காட்டுல வார பொம்பளப் பேயி உண்டு. ஆரம்ப ஊர்லயே பாழடைஞ்ச கெணத்தடில அது நிக்கும், கத்திய எடுத்தா மட்டும் போதாது. அவ யாரு, எப்படிச் செத்தான்னு வெசாரிக்கணும், கயித்துல தொங்குற எலும்பையும் கெணத்துக்குள்ள அடில கெடக்க வளையலையும் எடுத்து எரிக்கணும், அப்பத்தான் ஆட்டத்துக்கே வரும்.

அதுக்கும் மேல பேரன் கதை, பேரப்புள்ள இல்ல, Baron-ங்க பட்டம் உள்ள ஒரு பிரபு. குடிச்சுட்டுப் பொண்டாட்டிய அடிச்சு, அவ வயித்துல இருந்தது கலைஞ்சு, பேரு கூட வைக்காம பொதச்சுட்டான், அந்தப் புள்ள ராத்திரில பேயா எந்திரிச்சு வருது. அத வெட்டிக் கொல்லலாம், இல்ல சாந்தி பண்ணலாம். சாந்தின்னா அந்தக் குடிகாரன் தன் கையால அத அள்ளித் தூக்கிட்டு மழைல நடந்து, வீட்டு வாசப்படில பொதச்சு, தியான்னு பேரு வச்சு என் மகள்னு வாயால சொல்லணும். அப்புறம் அது வீட்டக் காக்க தெய்வமாயிரும். துர்மரணம் ஆனதுக்குப் பீடம் போட்டு காவலுக்கு வச்சுக்கிடுத வழக்கம் உள்ள நம்ம ஊர்க்காரனுக்கு இத யாரும் வெளக்க வேண்டாம். இத்தனைக்கும் பேரன் நல்லவன்னு கேம் எங்கயும் சொல்லல, நம்மளையும் மன்னிக்கச் சொல்லல, அதான் கெட்டிக்காரத்தனம்.

அதுல கொறையும் உண்டு. பெரிய வில்லனா வார வைல்ட் ஹன்ட், ஐரோப்பா முழுக்கப் பேசுத பேய்ப்படை, கடைசில வேற உலகத்து எல்ஃப் பட்டாளம்னு சப்புன்னு போயிருது, ராஜா எரடின் வாறான், மிரட்டுதான், சாவுதான், அம்புட்டுதான். ஊர்க்கோடிப் பேயிக்கு இருக்க கதை அந்த ராஜாவுக்கு இல்ல.

அந்தக் கொறையையும் ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்ங்க எக்ஸ்பான்ஷன்ல (கேமுக்கு அப்புறமா விட்ட கூடுதல் கதை) தீத்துட்டான். போலந்துல ட்வார்டோவ்ஸ்கின்னு ஒருத்தன் கதை உண்டு, ரோமுக்கு வந்தாத்தான் என் உயிர எடுக்கலாம்னு சாத்தான்கிட்ட ஒப்பந்தம் போட்டுட்டு ரோம் பக்கமே போவாம இருப்பான், ரோம்னு பேரு வச்ச சத்திரத்துல மாட்டிக்கிடுவான், முடிவுல நெலாவுல போய் ஒக்காந்துருவான். கேம்ல நெலாவுல நிக்கும்போதுதான் உயிர எடுப்பேன்னு ஒப்பந்தம், கால் வச்ச தரைல நெலாப் படம் பதிச்சுருக்கும். வில்லன் ஒரு கண்ணாடி யாவாரி, அவன் விசில் இன்னும் காதுல கெடக்கு.

ஒண்ணுதான் வாங்க முடியும்னா விட்சர் 3 கம்ப்ளீட் எடிஷன் வாங்குங்க, ரெண்டு எக்ஸ்பான்ஷனும் அதுலயே வந்துரும், ஆஃபர் அடிக்கடி போடுவான். வெலன்ல, அதான் அந்தப் பேரன் இருக்க பக்கம், அவசரப்படாம நோட்டீஸ் போர்டுல ஒட்டிருக்க சின்ன வேலையெல்லாம் எடுத்துச் செய்யுங்க, சரக்கு அங்கதான் இருக்கு. பொறும உள்ளவங்க அப்புறம் எல்டன் ரிங். வுகோங்க எடுக்கதுக்கு முன்னாடி குரங்கு ராஜா கதையச் சுருக்கமாவது யார்ட்டயாவது கேட்டுட்டுப் போங்க, இல்லாட்டி அந்தத் தலையில்லாத பாட்டுக்காரரத் தவிர வேற ஒண்ணும் ஒட்டாது.